ஒரே நாளில் பிறந்தவர்கள்

அம்பிகா டீச்சருக்கு மலைமேல் ஒரு கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்பது அரூரில் பலருக்குத் தெரியும். அவளும் டீச்சரும் இரட்டைப் பிள்ளைகள் என்பது டீச்சரின் கணவர் குமாருக்கும் மகள் சுசித்ராவுக்கும் மட்டும்தான் தெரியும். மறைக்க வேண்டும் என்று அம்பிகா எப்போதும் நினைத்ததில்லை. சொல்லும்படியான சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தர்ப்பம் வந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

சித்தேரி மலையில் நாலைந்து வீடுகள் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர்கள் இருவரும். அப்பா காளியன் மேட்டு நிலத்தில் சாமையும் ராகியும் விதைப்பார். மற்ற நாட்களில் காட்டுக்குப் போய்க் கடுக்காயும் புளியும் எடுத்து வருவார். கொஞ்ச நேரம் முந்திப் பிறந்தவளுக்குப் பெரியபொண்ணு என்றும் பின்னால் வந்தவளுக்குச் சின்னபொண்ணு என்றும் பெயர் வைத்தார்கள். யார் பெரிசு, யார் சிறிசு என்று பெற்ற தாய்க்கே சில நேரம் குழப்பம் வரும். ஒருத்திக்கு வைத்த அடி இன்னொருத்தி முதுகில் விழுந்திருக்கிறது.

கீழே அரூர்ப் பக்கத்தில் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, சோறு போட்டுப் படிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காளியன் ஒரு பெண்ணையாவது அனுப்புவது என்று முடிவு செய்தார். இரண்டு பேரையும் அனுப்ப முடியாது. ஆடு இருந்தது, தொட்டிலில் ஒரு குழந்தை இருந்தது. இந்த வருஷம் ஒருத்தி, அடுத்த வருஷம் இன்னொருத்தி என்றார். யார் முதலில் என்பதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. புறப்படுகிற அன்று சின்னபொண்ணுக்கு உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் கோத்திருந்தது. மலையிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும். காலை ஊன்ற முடிந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார்.

பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டபோது பெரியபொண்ணு என்று அவள் சொன்னதும், அங்கிருந்த வாத்தியார் சிரித்துவிட்டு அம்பிகா என்று எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் அம்மா படுத்துவிட்டாள். அதற்கடுத்த வருஷம் அம்மாவே இல்லை. சின்னபொண்ணு மலையிலேயே நின்றுவிட்டாள்.

அம்பிகா படித்தாள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, விடாதவள். தருமபுரியில் கல்லூரி, பிறகு சேலத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். இயற்பியலை அவள் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. இடம் அதில்தான் கிடைத்தது. ஆனால் உள்ளே போன பிறகு அது அவளைப் பிடித்துக்கொண்டது. அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, குமாரைக் கட்டிக்கொண்டு, அரூரிலேயே வீடு கட்டி, பல வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள்.

பொங்கலுக்கும் சாவுக்கும் மலைக்குப் போவாள். இருபது வயதில் போனபோதுகூட ஊர்க்காரர்கள் இவளை நிறுத்தி, "ஏ சின்னபொண்ணு, ஆட்டை எங்க வுட்டுட்டு வர்ற?" என்று கேட்டிருக்கிறார்கள். முப்பதில் அந்தக் குழப்பம் யாருக்கும் வரவில்லை. சின்னபொண்ணுக்குக் கல்யாணமாகி நாலு பிரசவம். தங்கியது முத்துராஜ் ஒருவன்தான். புருஷன் தர்மன் மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போய் மரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து ஊர் திரும்பினான். மூன்று வருஷம் அவனைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள்தான். அவன் போன பிறகு காட்டையும் மேட்டையும் தனியாகப் பார்த்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் போகும்போது தங்கையின் முகத்தில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும்: ஒரு பல், கொஞ்சம் முடி, கன்னத்துச் சதை. அம்பிகா தன் தலைக்கு மை அடித்துக்கொள்ள ஆரம்பித்த வருஷம் சின்னபொண்ணுக்குத் தலை முழுதும் வெளுத்திருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் முத்துராஜ் திருப்பூரிலிருந்து போன் செய்தான். பனியன் கம்பெனியில் வேலை அவனுக்கு.

"பெரீம்மா, அம்மாவுக்கு ரொம்ப நாளா ரத்தம் போவுதாம். எங்கிட்ட சொல்லவே இல்ல. பக்கத்து வூட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். நீங்க கொஞ்சம் பாருங்க, நான் ரெண்டு நாள்ல வந்துடறேன்."

அம்பிகா அன்றே லீவு சொல்லிவிட்டு மலைக்குப் போனாள். சின்னபொண்ணு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளிறி, நகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா வுழுந்தடிச்சிட்டு வருவ. உனக்குப் பரிச்சை நேரம்."

வண்டி பிடித்துத் தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், அதற்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். வார்டில் படுக்க வைத்த மறுநாள் காலை, நடுத்தர வயது நர்ஸ் ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். அம்பிகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேடம், நீங்களா? நான் லூர்துமேரிங்க. எம்பொண்ணு ஜாஸ்மின் உங்ககிட்டத்தான் பிசிக்ஸ் படிச்சா. இப்ப பெங்களூர்ல வேலைல இருக்கா. உங்களப் பத்தி பேசாத நாளில்ல." பேசிக்கொண்டே படுக்கையைப் பார்த்தார். "இவங்க அம்மாவுங்களா?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னபொண்ணு தலையணையில் முகத்தைத் திருப்பி அம்பிகாவைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். பதில் சொன்னால் எல்லாக் கண்ணும் ஒருமுறை இவள் முகத்துக்கும் ஒருமுறை அவள் முகத்துக்கும் போய் வரும். அப்புறம் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில் என்ன இருக்கும் என்பது அம்பிகாவுக்குத் தெரியும். இவ்வளவும் அவள் யோசித்துவிட்டுச் செய்ததாகச் சொல்ல முடியாது. தலை தானாக ஆடியது.

"ஆமாங்க" என்றாள்.

லூர்துமேரி சின்னபொண்ணின் கையில் பட்டையைச் சுற்றியபடி, "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. பொண்ணு டீச்சரு, கூடவே இருந்து பாத்துக்கறாங்க" என்றார்.

சின்னபொண்ணு பட்டை சுற்றிய தன் கையைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆமாம்மா. எம்பொண்ணு நல்லாப் படிச்சவ."

அந்த வார்டில் இருந்தவரை அவள் அப்படியேதான் நடந்துகொண்டாள். எதிர்ப் படுக்கை ஜானகியம்மாள் ஒரே பொண்ணா என்று விசாரித்தபோது, ஒரு பையனும் உண்டு என்றாள். முத்துராஜ் வந்ததும், "இவன்தான் தம்பி" என்று அறிமுகப்படுத்தினாள். அவன் திருதிருவென்று முழித்து, பெரியம்மாவைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் டீ வாங்கப் போய்விட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிளம்புகிற அன்று ஜானகியம்மாள் அம்பிகாவின் கன்னத்தைத் தடவி, "உங்கம்மாவ மலைக்கு அனுப்பாத, கூடவே வெச்சிக்க" என்றாள். சின்னபொண்ணு சிரித்தபடி பையை எடுத்துக்கொண்டாள்.

தையல் ஆறும்வரை அரூர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அம்பிகா கூட்டி வந்தாள். சுசித்ரா கோயம்புத்தூரில் படிப்பதால் அவள் அறை காலியாக இருந்தது. சின்னபொண்ணுக்கு மின்விசிறி ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் பாய் போட்டுப் படுத்தாள். நல்லபடியாகத்தான் பேசினாள். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில்.

அம்பிகா பள்ளிக்குத் திரும்பிய வாரம். வகுப்பு முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பாரதி என்கிற மாணவி எழுந்தாள். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"மிஸ், டைம் டிராவல் நிஜமா முடியுங்களா? பிசிக்ஸ் என்ன சொல்லுதுங்க?"

பாடத்தில் இல்லாத கேள்வி. வேறு நாளாக இருந்தால் தேர்வு முடியட்டும் என்று சொல்லி உட்கார வைத்திருப்பாள். அன்று சாக்பீஸை எடுத்தாள்.

முன்னால் போவதற்கு இயற்பியலில் தடை இல்லை என்றாள். வேகமாகப் போகிற கடிகாரம் மெதுவாக ஓடும். விமானத்தில் அணுக்கடிகாரத்தை ஏற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார்கள், வித்தியாசம் வந்தது. உங்கள் போனுக்கு வழி சொல்கிற செயற்கைக்கோள்களில் இருக்கிற கடிகாரம் வேகத்தால் கொஞ்சம் பின்தங்கும், உயரத்தால் அதைவிட அதிகமாக முந்தும். திருத்திக் கொடுக்காவிட்டால் மேப் நம்மைக் கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிடும். ஒளியின் வேகத்தை ஒட்டிப் போகிற வண்டி ஒன்று கிடைத்தால், அதில் ஏறி இரண்டு வருஷம் சுற்றிவிட்டு இறங்கும்போது இங்கே அரூரில் ஐம்பது வருஷம் ஓடியிருக்கும். அவ்வளவு வேகம் கொடுக்க நம்மிடம் எரிபொருள் இல்லை. ஆனால் விதி இடம் கொடுக்கிறது.

"ரெட்டைப் பிள்ளைகள வெச்சுச் சொல்லுவாங்களே மிஸ், அது இதானுங்களா?"

"இதுதான்" என்றாள் அம்பிகா. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தொடர்ந்தாள். "ஒருத்தி வண்டில போறா. ஒருத்தி இங்கயே இருக்கா. போனவ திரும்பி வரும்போது சின்ன வயசா இருப்பா. இருந்தவ கிழவியாயிருப்பா."

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பாரதி, "பின்னாடி போறதுங்க?" என்றாள்.

அதுதான் கஷ்டம் என்றாள் அம்பிகா. காலம் வளைந்து தன்னிடமே திரும்பி வருகிற மாதிரியான விடைகளும் சார்பியல் சமன்பாடுகளில் இருக்கத்தான் செய்கின்றன. புழுத்துளை என்று ஒரு குறுக்குவழி காகிதத்தில் வருகிறது. அதைத் திறந்து வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் கொண்ட ஏதோ ஒன்று ஏராளமாக வேண்டும். அப்படி ஒன்றை அந்த அளவில் யாரும் பார்த்ததில்லை. இயற்கை ஏதோ ஒரு வழியில் அந்தக் கதவை அடைத்துத்தான் வைத்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அடைத்திருக்கிறது என்று இதுவரை நிரூபிக்கவில்லை.

"அப்ப முடியாதுன்னு சொல்லிடுங்களேன் மிஸ்."

"சொல்ல முடியாது பாரதி. முடியும்னும் சொல்ல முடியாது. இன்னொன்னும் இருக்கு. ஒருவேளை போக முடிஞ்சாலும் நடந்ததை மாத்த முடியாதுங்கறாங்க. நீ போய் அங்க என்ன செஞ்சியோ, அதுவும் சேர்ந்துதான் ஏற்கெனவே நடந்திருக்கும். புதுசா ஒண்ணும் நடக்காது."

"மாத்த முடியலன்னா எதுக்குங்க மிஸ் போவணும்?"

மணி அடித்தது. பிள்ளைகள் கிளம்பினார்கள். அம்பிகா கரும்பலகையை அழிக்காமல் நின்றாள். ஆஸ்பத்திரி வார்டு, காலை நேரம், நர்ஸின் முகம், தலையணையில் திரும்பிய அந்த முகம். திரும்பப் போக முடிந்தாலும், அங்கே நிற்கப்போவது அதே அம்பிகாதான். தலை ஆடத்தான் ஆடும்.

அவளுக்கு இன்னொரு கணக்கும் ஞாபகம் வந்தது. ஈர்ப்பு கூடுதலான இடத்தில் காலம் மெதுவாக ஓடும். மேலே போகப் போக வேகமாக ஓடும். அப்படியென்றால் மலையில் இருக்கிறவளுக்கு, கீழே இருக்கிறவளைவிட, காலம் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியிருக்கிறது. பலகையின் மூலையில் மலையின் உயரத்தையும் நாற்பது வருஷத்தையும் போட்டுப் பெருக்கினாள். கண் சிமிட்டுகிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வந்தது. சின்னபொண்ணின் முதுமையில் இயற்பியலின் பங்கு இவ்வளவுதான். மீதி எதற்கும் அதன்மேல் பழி போட முடியாது. வெயில், சுமை, பிரசவம், பட்டினி கிடந்த மாதங்கள், வெளியே சொல்லாமல் இழந்த ரத்தம். அவள் பலகையை அழித்தாள். விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூள் சேலையில் பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் சின்னபொண்ணு சமையலறைத் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை. அம்பிகாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு பொண்ணு கேள்வி கேட்டா. நடந்து முடிஞ்ச நாளைக்குத் திரும்பிப் போக முடியுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

அம்பிகா சொன்னாள். வகுப்பில் சொன்னதைவிட மெதுவாக, ஒவ்வொன்றாக. இரட்டைப் பிள்ளைகள் கதை வந்தபோது சின்னபொண்ணு மொச்சையை உரிப்பதை நிறுத்தினாள்.

"வண்டில போனவ எளசா இருப்பாளா?"

"ஆமா."

"எவ்ளோ வேகத்துல போவும் அந்த வண்டி?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பூமிய சுத்திட்டு வந்துடும்."

"நீ அரூர் டவுன் பஸ்ஸுலதான போன" என்றாள் சின்னபொண்ணு. "அதுக்கேவா இவ்ளோ?"

அம்பிகாவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையும் சிரிப்பாள் என்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. மொச்சைத் தோலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸால வர்றதில்லடி இது. கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. உனக்கு வந்ததெல்லாம் வேற."

"அது எனக்குத் தெரியாதா பெரிசு? கணக்குப் போட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

குக்கர் விசில் அடித்தது. அம்பிகா எழுந்து அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். உட்காராமல் நின்றபடியே சொன்னாள்: "ஆஸ்பத்திரில அந்த நர்ஸம்மா கேட்டப்ப நான் தலையாட்டுனேன்."

"ம்."

"தப்பு பண்ணிட்டேன்டி."

சின்னபொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண் மட்டும் இன்னும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"நான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நாங்க ரெட்டைன்னு. சின்னப்ப எல்லார்கிட்டயும் நாமளே போயிப் போயிச் சொல்லுவமே, அதே மாதிரி வந்துச்சு வாய்க்கு. நீ முந்திட்ட. அப்பறம் அத்தன பேரு முன்னாடி உன்னப் பொய்க்காரியாக்க முடியுமா?"

"நீ அப்பவே என்னத் திட்டியிருக்கலாம்."

"எதுக்குத் திட்டறது? என்னப் பாத்தா அப்படித்தான் இருக்குது. அந்தம்மா பொய்யா கேட்டுச்சு? நீயும் கூச்சப்பட்டுட்ட. எனக்கு வவுறு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எது எந்த வலின்னு தெரியல அன்னிக்கு."

அம்பிகா மன்னித்துவிடு என்று சொன்னாள். ஒருமுறை சொன்னால் போதாது என்று தோன்றி மறுபடியும் சொன்னாள். சின்னபொண்ணு, "சரி, வுடு" என்றாள். ஆனால் அடுத்த நாள் காலையில் குமாரிடம் போய், "மாமா, என்ன மலைக்குக் கொண்டுபோய் வுட்டுடுங்க. சாமை அறுப்பு வருது" என்றாள். தையல் ஆறவில்லை, அறுப்புக்கு முத்துராஜ் ஆள் விடுவான் என்று எவ்வளவோ சொன்னார்கள். மத்தியானம் போய்விட்டாள்.

மறுபரிசோதனைக்குத் தருமபுரிக்கு வரவேண்டிய நாளை அம்பிகா எதிர்பார்த்திருந்தாள். தங்கையை அதே வார்டுக்குக் கூட்டிப்போய், லூர்துமேரியின் எதிரிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவது என்று வைத்திருந்தாள். என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த வாரம் முத்துராஜ் போன் செய்தான். அம்மாவைத் தன்னோடு திருப்பூர் கூட்டிப்போய் அங்கேயே டாக்டரிடம் காட்டி, மறுபடி மலையில் கொண்டுவந்து விட்டுவிட்டதாகச் சொன்னான்.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அம்மாதான் பெரீம்மாவத் தொந்தரவு பண்ண வேணாம்னுச்சுங்க."

அம்பிகா ஒரு சனிக்கிழமை தனியாகவே தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். வார்டு வாசலில் லூர்துமேரி இவளைக் கண்டதும் வேகமாக வந்தார்.

"மேடம், வாங்க. அம்மா நல்லாயிருக்காங்களா?"

"அவங்க எங்கம்மா இல்லீங்க" என்றாள் அம்பிகா. "கூடப்பிறந்தவ. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

லூர்துமேரியின் முகம் சிவந்துபோனது. "ஐயோ, நான்தான் மேடம் பாக்காம கேட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க கேட்டது தப்பில்லீங்க. நான் சொன்னதுதான்."

"வுடுங்க மேடம். ஆஸ்பத்திரில அந்த நேரத்துல மனசு எப்படியோ இருக்கும். யாரு கண்டுக்கறாங்க" என்று தோளைத் தொட்டார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. சின்னபொண்ணு கிடந்த படுக்கையில் வேறொரு பெண் கிடந்தாள். ஜானகியம்மாளின் படுக்கையிலும் வேறு யாரோ. தலையாட்டியதைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவள் மலையில் இருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்பிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி மலைக்குப் போக ஆரம்பித்தாள். சத்து மாத்திரை, கோதுமை மாவு, நல்ல செருப்பு என்று ஏதாவது கொண்டுபோவாள். சின்னபொண்ணு வாங்கி வைத்துக்கொள்வாள். சோறு போடுவாள், ரசம் வைப்பாள், இலையில் தேன் ஊற்றிக் கொடுப்பாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிசு என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. "வாங்க", "உக்காருங்க", "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று, ஊருக்கு வந்த அதிகாரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"என்னடி புதுசா, வாங்க போங்கன்னு?" என்று அம்பிகா ஒருமுறை கேட்டாள்.

"அப்படியா சொன்னேன்? வாய்க்கு வந்துருச்சு" என்றாள் சின்னபொண்ணு. அடுத்த வார்த்தையும் அப்படியேதான் வந்தது.

இந்தத் தை மாதம் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்குப் புதிதாக மருமகள் ஒருத்தி வந்திருந்தாள். மலர்விழி என்று பேர். கல்வராயன் மலைப் பக்கத்துப் பெண். சின்னபொண்ணோடு உட்கார்ந்து புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். அம்பிகாவைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"யாருங்கக்கா இவங்க?"

"டீச்சருங்க. அரூர்ல இருக்காங்க" என்றாள் சின்னபொண்ணு.

அம்பிகா முறத்துக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒரு புளியம்பழத்தை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும் ரெட்டை. ஒரே நாள்ல, ஒரே வவுத்துல பொறந்தவங்க. இந்த வூட்லதான்."

மலர்விழி அம்பிகாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சின்னபொண்ணின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அம்பிகாவைப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சும்மா சொல்றீங்க டீச்சர். வெளையாடறீங்க."

"இல்லம்மா, நெசமாத்தான். வேணும்னா அவளையே கேளு."

அந்தப் பெண் சின்னபொண்ணைத் திரும்பிப் பார்த்தாள். சின்னபொண்ணு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த புளியின் நாரை இழுத்து, கொட்டையைத் தட்டிவிட்டு, அடுத்ததை எடுத்தாள். அம்பிகா காத்திருந்தாள். வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னபொண்ணு வாசலை எட்டிப் பார்த்தாள்.

"பஸ்ஸு திரும்பற நேரமாச்சு. கெளம்புங்க. கொஞ்சம் புளி கட்டித் தரேன், எடுத்துட்டுப் போங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். அம்பிகா கையிலிருந்த புளியை உடைத்து முடித்து முறத்தில் போட்டுவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.